பறவையறிஞர் சாலிம் அலி: கொன்று கற்றலும் விட்டுக் கற்றலும்

ஐப்பசி மாதத்தில் எங்கள் சுவாமிமலைப் பக்கம் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நாள்களில், வாலை ஆட்டியவாறு வரப்புகளின்மீது ஓடித் திரியும் சிறு குருவிகளைக் காணலாம். சில வாரங்களுக்கு முன்பு அவை அங்கே இருந்ததில்லை. கோடை முற்றுமுன் மீண்டும் காணாமற் போய்விடும். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், இவை எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வடக்கிலிருந்து வருகின்றன என்று கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவேன். எந்த வடக்கு, எவ்வளவு தொலைவு, சென்ற ஆண்டு வந்த குருவிதான் இவ்வாண்டும் வந்ததா என்று அவர்கள் மேலும் கேட்டிருந்தால் என்னிடம் விடை இராது.

இத்தகைய வினாக்களுக்கு விடை காணும் முயற்சியை நம் நாட்டில் பேரளவில் நடத்திக் காட்டியவர் பறவையறிஞர் டாக்டர் சாலிம் அலி ஆவார். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். இளமையிலேயே துப்பாக்கி ஏந்தியவர். ஆயினும் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் இல்லங்களில் அவருடைய வரலாறு அறியப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பொருளைப் பல கோணங்களிலும் நோக்குக என்று கற்பிப்பது நம் அநேகாந்தம். அக்கண்கொண்டே இவ்வரலாற்றை நோக்குவோம்.

பெற்றோரை இழந்த பிள்ளை

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஓராண்டு நிறையும்போது தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத அத்தை அமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். எனவே அவ்வீட்டுச் சிறுவனின் கையில் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்ததில் வியப்பில்லை.

ஏறத்தாழப் பத்து வயதில் அச்சிறுவன் செய்த செயல் ஒன்றைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் வெளியிட்டார். வீட்டுக் குதிரைலாயத்துச் சுவரில் சிட்டுக்குருவிக் கூடு ஒன்று இருந்தது. பெட்டை உள்ளே அடைகாக்க, ஆண்குருவி வெளியே ஓர் ஆணியில் அமர்ந்து காவல் செய்தது. சிறுவன் மறைந்திருந்து அதனைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண்குருவி வந்து அதே ஆணியில் அமர்ந்தது. அதனையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் மாண்டன. ஒவ்வொரு முறையும் புதிய துணை வந்து சேர்ந்ததை அவன் குறிப்பேட்டில் எழுதிவைத்தான். படிக்கும்போது நம் நெஞ்சம் பதைக்கிறது. ஆயினும் சுட்டதோடு நில்லாமல், நிகழ்ந்ததை உற்றுநோக்கி எழுதிவைத்தது அச்சிறுவனிடம் விளங்கிய பிறிதொரு குணத்தைக் காட்டுகிறது.

1908ஆம் ஆண்டில் அவன் சுட்ட ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது வேறு வகைப் பறவையோ என்று மாமனைக் கேட்டான். மாமனுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அவனை அனுப்பிவைத்தார். கையில் காகிதப் பொட்டலமும் நெஞ்சில் அச்சமுமாக வந்த சிறுவனை அப்பெரியவர் அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, பேழைகளைத் திறந்து, பாடம் செய்யப்பட்ட பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஒரு மாணாக்கனின் ஐயத்தைப் பொருட்படுத்தி ஒரு பெரியவர் செலவிட்ட சில மணி நேரம், அவன் வாழ்வின் போக்கையே மாற்றியது. ஆசிரியராய்ப் பணிபுரிந்த எவரும் இப்பகுதியைப் படிக்கும்போது தம் வகுப்பறையை ஒருமுறை நினைத்துப் பார்க்காமல் இரார்.

பட்டமின்றிப் பெற்ற கல்வி

சாலிம் அலியின் பள்ளிப்படிப்பு உடல்நலக் குறைவால் தடைப்பட்டுத் தடைப்பட்டே நடந்தது. கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. 1914இல் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்றார். தொழிலைவிட அந்நாட்டுக் காடுகளும் பறவைகளுமே அவரைக் கவர்ந்தன. 1917இல் திரும்பி வந்து, வணிகக் கல்வியும் விலங்கியலும் ஒருங்கே பயின்றார். 1918இல் தெமினா அம்மையாரை மணந்தார். செல்வச் சூழலில் வளர்ந்த அவ்வம்மையார், கணவருடன் காட்டுப் பயணங்களில் கூடாரங்களில் தங்கி, வசதிக் குறைவுகளை மனமுவந்து ஏற்றார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்குப் பணி கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்க்கு விளக்கம் கூறும் விரிவுரையாளராக அமர்ந்தார். 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். அந்நாட்டின் ஹெலிகோலாந்துத் தீவில் இருந்த பறவை ஆய்வு நிலையத்திலேதான், பறவையைப் பிடித்து, காலில் வளையமிட்டு, உயிருடன் பறக்கவிட்டு அறியும் முறையில் அவர் கைப்பழக்கம் பெற்றார். 

இம்முறையைத் தொடங்கியவர் ஓர் ஆசிரியர் என்பதைச் சொல்லுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. டென்மார்க்கு நாட்டின் விபோர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன் என்பார், 1899இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த 165 பறவைகளின் கால்களில் இட்டுப் பறக்கவிட்டார். எண் இருப்பதால் ஒவ்வொரு பறவையும் தனித்து அறியப்படும். எங்கேனும் எவரேனும் அதனைக் கண்டு தெரிவித்தால், அது சென்ற தொலைவும் வாழ்ந்த காலமும் புலப்படும். இவ்வெளிய கருத்தே உலகெங்கும் பரவிற்று.

தூக்கணாங்குருவி அளித்த புகழ்

1930இல் தாயகம் திரும்பியபோது, பணமின்மையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. வருவாயின்றிக் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவியின் குடும்பத்தார் வீட்டில் தங்கினார். அருகிலிருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் மறைவிடத்தில் அமர்ந்து அவற்றை நோக்கினார். நம் வயல்வெளிப் பனைகளிலும் தென்னைகளிலும் தொங்கும் அதே கூடுகள்தாம்! ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்தும். பெட்டை வந்து உள்ளே புகுந்து பார்வையிட்டு, மனத்திற்கு ஒத்தால் மட்டுமே தங்கும். அதன் பிறகே ஆண் எஞ்சிய பாதியை முடிக்கும். முடித்தபின் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையை நாடும். அதுவரை எவரும் தெளிவாக அறிந்திராத இவ்வுண்மைகள் அவருக்கு அறிஞரிடையே பெயர் தந்தன. இவற்றை அறியத் தேவைப்பட்டவை பொறுமையும் கண்ணுமே.

பின்னர் ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புகளை நடத்தினார். 1939இல் தெமினா அம்மையார் ஒரு சிறு அறுவை மருத்துவத்தின்பின் காலமானார். அத்துயரிலிருந்து மீள அவர் பணியையே பற்றுக்கோடாகக் கொண்டார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் இலட்சக்கணக்கானோர்க்குப் பறவைகளை அறிமுகம் செய்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து அவர் இயற்றிய கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

இந்நூல்களுக்குப் பின்னால் துப்பாக்கியும் இருந்தது. அந்நாளில் பறவையியல் என்பது சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அளந்து வகைப்படுத்துவதாகவே இருந்தது. தாம் சேகரித்தவை பல ஆயிரம் என்பதை முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அவர் வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். பயனற்ற கொலையை வெறுப்பதாகவும், ஆயினும் அச்சேகரிப்பு இன்றேல் இந்தியப் பறவையியல் வளர்ந்திராது என்றும் கூறினார். அவர் துப்பாக்கியை விரதமாகத் துறந்தவர் அல்லர். அவரை அகிம்சாவாதியாக வரைந்து காட்டுவது பொய்யாகும். உண்மையைக் கூறுவதும் நம் அணுவிரதங்களுள் ஒன்றன்றோ!

நோய் காட்டிய வழி

வளையமிடும் பணி நம் நாட்டில் 1920களிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் சிறு அளவில் தொடங்கப்பட்டிருந்தது. அதனைப் பெரும்பணியாக மாற்றியது ஒரு நோயாகும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. அருகிலிருந்த ஊர்மக்களையும் கடுங்காய்ச்சல் பற்றியது. ஆராய்ந்தபோது, உருசிய நாட்டில் உண்ணிகளால் பரவும் ஒரு நோயின் கிருமியோடு இக்கிருமி உறவுடையது என்று தெரிந்தது. அப்படியாயின் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் பிறந்தது.

ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால், எப்பறவை எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959இல் சாலிம் அலியின் தலைமையில் பறவை வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கியது. வலை விரிக்கக் கைதேர்ந்தவர்கள் தேவைப்பட்டனர். பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த மீர்ஷிகார் என்னும் வகுப்பாரை அவர் பணியில் அமர்த்தினார். பறவைக்கு ஊறு நேராமல் பிடிக்கும் அவர்களுடைய கைத்திறன், சந்தைக்கும் சமையலுக்கும் உதவியது போய், பறக்கவிடுவதற்கு உதவலாயிற்று. இம்மாற்றத்தை எண்ணும்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

பறவைகள் நோயைக் கொணர்ந்தன என்னும் ஐயம் உறுதிப்படவில்லை. அக்கிருமி அக்காட்டு உண்ணிகளிலும் குரங்குகளிலும் சிறு விலங்குகளிலும் சுழன்று வருவதே என்று தெளிந்தது. குற்றம் சாட்டப்பட்டு நின்ற பறவைகளின்மேல் அப்பழி நிலைபெறவில்லை. பின்னாளில் இத்திட்டத்திற்கு அயல்நாட்டுப் படைத்துறையின் பணமும் வந்ததென்று செய்தித்தாள்களிலும் நாடாளுமன்றத்திலும் 1970களில் வினாக்கள் எழுந்தபோது, முதியவர் மனம் நொந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை.

கோடியக்கரையில்

நம் காவிரிப் படுகையின் தென்கோடியில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் முனையில் கோடியக்கரை உள்ளது. அதன் சதுப்பு நிலத்தின் அருமையை 1960களில் எடுத்துக் கூறியவர்களுள் சாலிம் அலி முதன்மையானவர். 1967இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அவருடைய கழகத்தார் அங்கே ஆண்டுக்கணக்கில் முகாமிட்டு வளையமிட்டு வந்தனர்.

அங்கே வளையமிடப்பட்ட உள்ளான் இனத்துச் சிறு பறவைகள் சைபீரியாவில் மீண்டும் கிடைத்துள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அப்பறவை, பனிசூழ்ந்த வடதுருவ வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து நம் கரைக்கு வருகிறது. திரும்பும் காலம் நெருங்கும்போது பறவைகளை நிறுத்துப் பார்த்ததில், அவை நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை இங்கேயே உடலில் சேர்த்துக்கொள்வது புலனாயிற்று. அதாவது, நம் கரையில் இரை குறையுமாயின் சைபீரியாவில் குஞ்சுகள் குறையும். ஓரிடத்தில் மட்டும் காவல் செய்து ஒரு பறவையைக் காத்துவிட முடியாது என்னும் பேருண்மையை வளையங்களே கற்பித்தன. உயிர்கள் ஒன்றற்கொன்று உதவி வாழ்கின்றன என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை இங்கே நினைவுகூரலாம்.

ஐந்து அதிசாரங்களும் வளையமும்

இனி நமக்குரிய கேள்விக்கு வருவோம். பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடுவது இம்சையன்றோ? அகிம்சை அணுவிரதத்திற்கு நம் ஆன்றோர் ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளனர். பந்தம் என்னும் கட்டுதல், வதம் என்னும் அடித்தல், சேதம் என்னும் உறுப்பறுத்தல், அதிபாராரோபணம் என்னும் அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், அன்னபான நிரோதம் என்னும் உணவும் நீரும் தடுத்தல் ஆகியவை அவை. இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

வலை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலால் ஆனது. பறவை மோதினால் அடிபடாமல் வலையின் மடிப்பில் விழும். மழையிலும் கடும் வெயிலிலும் வலை விரிப்பதில்லை. அடிக்கடி சென்று பார்த்துப் பறவையை விடுவிக்க வேண்டும். எடுத்த பறவை துணிப்பையில் வைக்கப்படும். இருளில் அது அமைதி கொள்ளும். வளையம் தோலைத் துளைப்பதில்லை. காலைச் சுற்றித் தடையின்றிச் சுழலும் அளவில், ஒவ்வொரு வகைப் பறவைக்கும் ஏற்ற அளவில் செய்யப்பட்டது. இலேசான அலுமினியத்தால் ஆனதால் பறத்தலுக்குச் சுமையாவதில்லை. சிறகின் நீளம், எடை, வயது, இறகுதிர்ந்த நிலை ஆகியவற்றை விரைந்து குறித்துக்கொண்டு உடனே பறக்கவிடுவர். பசித்திருக்க வைப்பதில்லை. எனவே அதிசாரங்கள் நான்கினை விலக்கும் முயற்சி இம்முறையிலேயே அமைந்திருக்கிறது.

எஞ்சிய ஒன்றாகிய பந்தம் சிறிது நேரமேனும் நேர்கிறது என்பதை மறைத்தற்கில்லை. பயிற்சியில்லாதவர் கையில் பறவை இறப்பதும் உண்டு. நல்லெண்ணம் ஒன்றே செயலைத் தூய்மையாக்கிவிடாது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் பிறவிதோறும் துன்புற்ற வரலாற்றை நாம் அறிவோம். அங்கே உயிர் போகவில்லை. எண்ணம் பிழைத்தது. இங்கே எண்ணம் நன்று. ஆயினும் கை பிழைக்கக்கூடும். கவனமின்மையால் விளைவதே இம்சை என்னும் இலக்கணத்தை நினைந்து, எண்ணத்தையும் கையையும் ஒருங்கே காத்தல் வேண்டும். மகாவிரதம் ஏற்ற முனிவர்க்கு இது உரிய செயலன்று. இல்லறத்தார் உலகில், ஆயிரம் பறவைகளைச் சுட்டு அறிந்த நிலையிலிருந்து ஒரு பறவையை விட்டு அறியும் நிலைக்கு வந்தது அறத்தை நோக்கி வைத்த ஓர் அடியே ஆகும். இக்காலத்தில் தொலைநோக்கியால் படிக்கக்கூடிய வண்ணக் கொடிகளையும் பறவைகளின் கால்களில் இடுகின்றனர். ஒருமுறை பிடித்ததை மறுமுறை பிடிக்க வேண்டியதில்லை. பந்தமும் குறைகிறது.

இறுதி நாள்கள்

பரத்பூர் பறவைகள் சரணாலயமும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கும் அழியாமல் நின்றதில் சாலிம் அலியின் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. கெட்டி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கென அளித்துவிட்டார். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நாம் அறிந்திருக்கிறோம். அவர் அதன் பெயரை அறியாமலே அதன்படி நடந்தார். பட்டமில்லை என்று பணி மறுக்கப்பட்டவரைப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டங்களால் சிறப்பித்தன. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987இல் தமது 90ஆம் வயதில் காலமானார். 1990இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் நிறுவப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

நம் தீர்த்தங்கரர்களுள் சுமதிநாதருக்குச் சக்கரவாகப் பறவை இலாஞ்சனமாக அமைந்துள்ளது. அதுவும் குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வலசை வரும் பறவையே. நம் முனிவர்கள் ஏந்தும் பீலியும் மயில் தானே உதிர்த்த இறகால் ஆனது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர ஜைன ஆலயத்தில், அடிபட்ட பறவைகளுக்கு மருத்துவம் செய்து விடுவிக்கும் மருத்துவமனை நடைபெறுகிறது. ஆகவே பறவையின் துயர் நமக்குப் புறம்பானதன்று.

நிலமுடைய குடும்பத்தார் தம் வயலில் கண்ணியும் வலையும் வைக்க எவரையும் விடாதிருத்தல் வேண்டும். கொக்கும் மடையானும் பிடித்துச் சாலையோரம் விற்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனைப் பிடிப்பவர்க்கும் வாங்குபவர்க்கும் பொறுமையுடன் எடுத்துக் கூறலாம். காலில் வளையமுள்ள பறவையைக் கண்டால், உயிருள்ளதன் வளையத்தைக் கழற்றலாகாது. அதிலுள்ள எண்ணையும், கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எழுதினால் போதும். வளையமிடப்பட்டவற்றுள் மிகச் சிலவே மீண்டும் கண்ணில் படுகின்றன. ஆகையால் ஓர் அஞ்சலட்டையும் பயனுள்ளதே.

மார்கழி, தை விடுமுறையில் மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்தைத் தரிசித்துவிட்டு, திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் வழியாகக் கோடியக்கரை செல்லலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கிருந்து வருகின்றன என்று அவர்கள் கேட்பார்கள். வடக்கிலிருந்து என்று நான் கூறியதுபோல் கூறிவிட்டு அகல வேண்டியதில்லை. எந்த வடக்கு என்று சொல்லலாம். அதனை எவ்வாறு அறிந்தனர் என்றும் சொல்லலாம்.